படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீடியோவில் டாக்டர்: மதுரைப் பக்கம் யாருக்காவது சரிப்பட்டிருக்கிறதா?

எழுமலைக்காரன்
ஞாயிறு, இரவு 9.40

எங்கள் அய்யாவுக்கு 74 வயது. போன வருஷம் பொங்கல் கழிந்த மறுவாரம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேசுவதில் பாதி எங்களுக்குப் புரியும், மீதியை அம்மா சொல்லிவிடுவார். யூரின் ட்யூப் போட்டிருக்கிறது. மாதம் ஒரு தடவை மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டுகிறோம்.

காட்டுகிறோம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு வாசலில் நான்கு படி. அய்யாவைப் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டி, முன்னால் நான், பின்னால் தம்பி என்று இறக்குவோம். போன மாதம் மூன்றாவது படியில் சேரின் பின்கால் ஒன்று பிளந்துகொண்டது. தம்பி முட்டியைக் கொடுத்துத் தாங்கியதால் அய்யா விழவில்லை. ஆனால் இடது கையால் என் சட்டைக் காலரைப் பிடித்தவர் பிடித்தவர்தான், வேன் செக்கானூரணி தாண்டும் வரை விடவில்லை.

வேன் வாடகை 2,800. ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் டாக்டர் பிரஷர் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், பழைய சீட்டைப் பார்த்து "இதையே தொடருங்க" என்றார். நான்கு நிமிஷம் இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்து கவுன்டரில், இதை வீடியோவில் பார்க்க முடியாதா என்று கேட்டேன். "அதெல்லாம் கொரோனாவோட முடிஞ்சுபோச்சு சார்" என்றார் அந்தப் பெண். நிஜமாகவே முடிந்துவிட்டதா? யாராவது இந்தப் பக்கம் ஒழுங்காகச் செய்கிறீர்களா? டாக்டரிடம் எப்படிக் கேட்பது?


சோழவந்தான் வெற்றிலை
ஞாயிறு, இரவு 10.15

தம்பி, வேண்டாம் என்பது என் கருத்து. என் மனைவிக்கு மூச்சுத் திணறலுக்கு ஒரு ஆப்பில் காசு கட்டிப் பார்த்தோம். எந்த ஊர் டாக்டர் என்றே தெரியாது. இரண்டு நிமிஷம் பேசி ஆறு மாத்திரை எழுதினார், அதில் இரண்டு ஏற்கெனவே அவள் சாப்பிடுவது, வேறு பெயரில். நல்லவேளை மருந்துக்கடைக்காரர் பார்த்துச் சொன்னார். நாடி பிடிக்காத வைத்தியம் என்ன வைத்தியம்?


வடக்குமாசி
ஞாயிறு, இரவு 10.31

நாடி பிடித்துப் பார்த்த டாக்டரை நான் 1987-க்குப் பிறகு பார்க்கவே இல்லை அண்ணே.


ஸ்டெத் 40
ஞாயிறு, இரவு 11.20

மேலூர் பக்கம் சின்னதாக கிளினிக் வைத்திருக்கிறேன், பொது மருத்துவர். முடிந்துபோகவில்லை. டாக்டர்கள் பலருக்கே இது சரியாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொலைமருத்துவத்துக்கு நம் நாட்டில் விதிமுறை வந்த நாள் 2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாள். அதனால் எல்லோருக்கும் அது கொரோனாக் கால ஏற்பாடு என்று மனதில் பதிந்துவிட்டது. அப்படியில்லை, அது அவசரக் காலத்துக்கு மட்டும் என்று போட்ட விதி கிடையாது. பதிவு பெற்ற எந்த டாக்டரும் வீடியோவிலோ, போனிலோ, எழுத்திலோ ஆலோசனை சொல்லலாம். கையெழுத்திட்ட சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அது செல்லும். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கலாம், ரசீது கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் நாங்கள் ஏன் பயந்தோம் என்றால், சட்டத்தில் இதற்கு ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. 2018-ல் ரத்னகிரியில் பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண் இறந்த வழக்கு. டாக்டர் தம்பதி ஊரில் இல்லாமல் போனில் மருந்து சொல்லியிருந்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அந்தச் செய்தி வந்த வாரம், இனிமேல் போனில் குரோசின்கூடச் சொல்ல மாட்டேன் என்று சொன்ன சீனியர்களை எனக்குத் தெரியும். விதி வந்துவிட்டது, ஆனால் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

எழுமலைக்காரருக்கு வேண்டியது இதுதான்: நேரில் பார்த்த அதே டாக்டர், அதே நோய்க்கு, நேரில் பார்த்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி ஆலோசனை சொன்னால் அது 'தொடர் ஆலோசனை'. அதில் அவர் ஏற்கெனவே கொடுத்த மருந்தைத் தொடரலாம், அதோடு தேவைப்படுவதைச் சேர்க்கவும் செய்யலாம். அதாவது உங்கள் அய்யா மாதிரி நிலைமை சீராக இருக்கிறவருக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை சேரில் தூக்குவதற்குப் பதில் இரண்டு தடவை தூக்கினால் போதும். முடிவு அந்த டாக்டர் கையில். நேரில்தான் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தால் அதற்கும் அவருக்கு முழு உரிமை உண்டு.

சோழவந்தான் ஐயா சொன்னது வேறு கதை. முன்பின் தெரியாத டாக்டர், பழைய சீட்டு எதுவும் கையில் இல்லாமல், மூச்சுத் திணறலுக்கு! நான் அந்த இடத்தில் இருந்தால் மருந்தே எழுதியிருக்க மாட்டேன், நேரில் போங்கள் என்று சொல்லியிருப்பேன்.


சோழவந்தான் வெற்றிலை
திங்கள், காலை 6.05

சரி டாக்டர். நீங்கள் சொல்கிற மாதிரி தெரிந்த டாக்டர் என்றால் யோசிக்கலாம். ஆனாலும் வயிற்றை அமுக்கிப் பார்க்காமல், நெஞ்சில் குழாய் வைக்காமல் என்ன தெரியும்?


செல்லூர் சிஸ்டர்
திங்கள், காலை 7.50

நைட் டியூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் வார்டு, இப்போது நான்கு வருஷமாக வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறேன். பாதிப் பேர் படுக்கையில் இருப்பவர்கள்.

வெற்றிலை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பக்கம் டாக்டர் இருந்தால் போதாது, இந்தப் பக்கம் ஒரு கை இருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருந்து பேசுகிற வீடியோ காலுக்கும், வீட்டில் பேரன் போனை ஆட்டிக்கொண்டு பேசுகிற வீடியோ காலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டாக்டர் சொல்லச் சொல்ல வயிற்றை நான் அமுக்குவேன், நோயாளி முகம் சுளிப்பதை அவர் பார்ப்பார். குழாய் வைத்துக் கேட்பது மட்டும் போனில் வராது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நர்ஸ் வைக்க எல்லோராலும் முடியாது. வீட்டில் இருப்பவர்களே செய்ய வேண்டும் என்றால், வீடியோ கால் போடுவதற்கு அரை மணி முன்னாலேயே வேலையைத் தொடங்குங்கள். பிரஷர், நாடி, காய்ச்சல், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி இருந்தால் அந்த எண், சுகர் உள்ளவர்களுக்கு சுகர், முந்தைய நாள் யூரின் பையில் எவ்வளவு வந்தது, என்ன நிறம். எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி முதலிலேயே அனுப்பிவிடுங்கள். மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது வேண்டாம், வயசானவர்களுக்கு மூச்சு ஒரே சீராக ஓடாது. எண்ணுகிறேன் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள்.

மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிப் படம் எடுங்கள். சீட்டைப் படம் எடுத்தால் போதாது. சீட்டில் இருப்பது வேறு, வீட்டில் சாப்பிடுவது வேறு, இதை நான் வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

படுக்கைப்புண் இருந்தால் ட்யூப்லைட்டில் காட்டாதீர்கள், எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கழுவித் துடைத்து வையுங்கள், புண்மேல் படாமல். அடுத்த வாரமும் அதே நாணயம், அதே தூரம். புண் ஆறுகிறதா, பெருகுகிறதா என்று டாக்டர் நாணயத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

புதிதாக முகம் கோணினாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ, நினைவு தப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ வீடியோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், 108.


வடக்குமாசி
திங்கள், காலை 8.20

எங்கள் பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டபோது நடந்தது: பக்கத்து வீட்டு ஆச்சி ஸ்கிரீனுக்குள் தலையை விட்டு "டாக்டரய்யா, எனக்கும் முட்டி வலி, ஒரு மாத்திர சொல்லுங்க" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பதைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்கம்மா" என்றார். அதன் பிறகுதான் பெரியம்மா மலச்சிக்கல் பற்றியே வாயைத் திறந்தார். நான்கு நாளாக அவஸ்தைப்பட்டிருக்கிறார், மருமகள்களுக்கே தெரியாது.


செல்லூர் சிஸ்டர்
திங்கள், காலை 8.26

இதை எழுத மறந்துவிட்டேன். கதவைச் சாத்துங்கள்.


வாடிப்பட்டி வாசகி
திங்கள், பிற்பகல் 2.10

எல்லோரும் பிரஷர், சுகர் என்று பேசுகிறீர்கள். வலியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

என் அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு எல்லாம் கொடுத்துப் பார்த்து, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2022 வைகாசியில் அனுப்பிவிட்டார்கள். ஆடியில் போய்ச் சேர்ந்தார். இடையில் இருந்த அந்த இரண்டரை மாதம் மார்ஃபின் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கொடுப்பேன். அது வேலை செய்தது. மாத்திரை இருந்த நாட்களில் அத்தை சன் டிவி பார்த்தார், வெங்காயம்கூட உரித்துக் கொடுத்தார்.

அளவு போதாமல் போனபோதுதான் பிரச்சினை. டாக்டர் அருமையான மனுஷி, போனில் பேசுவார், வீடியோவில் அத்தையைப் பார்த்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "இத நான் போன்ல எழுதித் தர முடியாதும்மா, விதியில இடமில்ல, யாராவது நேர்ல வாங்க" என்றார். என் கணவர் அன்று லாரியோடு சேலத்தில். நான் அத்தையை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? அன்று ராத்திரி ஒன்பது மணியிலிருந்து மறுநாள் பதினொரு மணி வரை அத்தை சுவரை நகத்தால் பிராண்டிக்கொண்டே இருந்தார். வெள்ளையடித்த பிறகும் அந்த இடம் எனக்குத் தெரிகிறது.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.


மருந்துக்கடை மாமா
திங்கள், மாலை 5.45

திருமங்கலத்தில் கடை. வாசகி அம்மா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் அந்த விதி ஏன் இருக்கிறது என்று எங்கள் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற பையன்கள் இருக்கிறார்கள். மொபைலில் ஒரு சீட்டைக் காட்டி "அக்காவுக்குங்க" என்பான். தேதி இருக்காது, பதிவு எண் பாதி வெட்டியிருக்கும். அதே படம் ஒரு வாரத்தில் நாலு பேர் கையில் வரும். போனில் எல்லாம் எழுதலாம் என்று திறந்துவிட்டால் முதலில் மாட்டுவது கடைக்காரன்தான்.

மற்றபடி வாட்ஸ்அப் சீட்டுக்கு நான் மருந்து கொடுக்கிறேன். டாக்டர் பெயர், பதிவு எண், தேதி, நோயாளி பெயர், வயது தெளிவாக இருக்க வேண்டும். ஃபார்வர்டு ஆகி ஆகி வந்ததாக இருந்தால் டாக்டர் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வேன். இதற்குச் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.


ஸ்டெத் 40
திங்கள், இரவு 10.50

மாமா சொல்வதும் சரி, வாசகி சொல்வதும் சரி. நடுவில் சட்டம் எப்படி நிற்கிறது என்று சொல்கிறேன்.

2020 விதிமுறையில் தடைசெய்யப்பட்ட பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் வருகிற மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது. மார்ஃபின் அதில் அடக்கம். வலிக்குத் தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டையும் அப்படித்தான். 2018 ஏப்ரலில் டிரமடால் என்ற வலி மருந்தையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் அதுவும் போனது. மிச்சம் இருப்பது பாராசிட்டமால் வகையறா. முற்றிய புற்றுக்கு அது எம்மாத்திரம்?

விசித்திரம் என்னவென்றால், இதே சட்டத்தை 2014-ல் திருத்தினார்கள், வலியில் இருப்பவர்களுக்கு மார்ஃபின் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே. அதற்கு முன் ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்துக்கொள்ள மாநிலத்துக்கு மாநிலம் நாலைந்து லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப் பிறகு 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற ஒரே அனுமதி போதும். ஒரு கையால் 2014-ல் கதவைத் திறந்தார்கள், இன்னொரு கையால் 2020-ல் போனுக்கு மட்டும் சாத்திவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஊரடங்கு அவசரத்தில், போதை மருந்தா, மொத்தமாக வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். படுக்கையில் கிடக்கும் வாசகியின் அத்தை அந்த மேஜையில் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்.


செல்லூர் சிஸ்டர்
திங்கள், இரவு 11.15

எல்லோருக்கும் திறக்க வேண்டாம் டாக்டர். ஏற்கெனவே ஒரு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் பதிவாகி, அங்கே நேரில் பார்த்து மார்ஃபின் தொடங்கிய நோயாளிக்கு மட்டும், வீட்டில் நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது, அதே டாக்டர் வீடியோவில் அளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்று இருந்தால் போதும். மாத்திரையை நர்ஸ் கையில் எண்ணிக் கொடுத்து, காலி அட்டையைத் திரும்ப வாங்கட்டும். திருமங்கலம் மாமா பயப்படுகிற பையனுக்கு இதில் எங்கே இடம்?


மருந்துக்கடை மாமா
செவ்வாய், காலை 7.30

இப்படி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மாத்திரை என் கடைக்கே வராதே!


நியூஜெர்சி கீரைக்காரி
செவ்வாய், காலை 9.05

இங்கே ராத்திரி. பழங்காநத்தத்தில் பிறந்து இப்போது எடிசனில் இருக்கிறேன். இங்கேயும் இதே சண்டைதான் நடக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். 2020-க்கு முன்னால் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் வீடியோ ஆலோசனைக்குப் பெரும்பாலும் இரண்டு நிபந்தனை: கிராமப்புறத்தில் இருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் ஒரு கிளினிக்குக்குப் போய் அங்கே உட்கார்ந்துதான் வீடியோவில் பேச வேண்டும். நடக்க முடியாதவர் வீடியோவுக்காக நடந்து போக வேண்டும்! கொரோனா வந்ததும் வீட்டிலிருந்தே பேசலாம் என்று தளர்த்தினார்கள். அதை நிரந்தரம் ஆக்காமல் காலக்கெடு போட்டுப் போட்டு நீட்டிக்கொண்டே வந்தார்கள். என் மாமியார் ஒவ்வொரு கெடுவின்போதும் என்னிடம் "இந்த மாசத்தோட நிறுத்திருவாங்களாடி?" என்று கேட்பார்.

போதை வகை மருந்துக்கு இங்கே 2008-லிருந்து ஒரு சட்டம், நேரில் ஒரு தடவையாவது பார்க்காமல் இணையத்தில் எழுதக் கூடாது என்று. அதையும் கொரோனாவில் தளர்த்தி, நீட்டிக்கொண்டு வந்தார்கள். சிஸ்டர் சொல்வது அதைவிடக் கட்டுப்பாடானது, இங்கே யாரும் காலி அட்டையை எண்ணுவதில்லை.


சோழவந்தான் வெற்றிலை
செவ்வாய், காலை 10.40

அமெரிக்கா கதை இருக்கட்டும். எங்கள் ஊரில் ஸ்மார்ட்போன் இல்லாத வீடு, மொட்டை மாடிக்குப் போனால்தான் டவர் கிடைக்கிற வீடு, இவர்களுக்கு என்ன வழி? படுத்திருக்கிறவரை மாடிக்குத் தூக்கினால், படியில் இறக்கின கதைதானே?


ஸ்டெத் 40
செவ்வாய், பிற்பகல் 3.15

இதற்கு மதுரையிலேயே பழைய பதில் இருக்கிறது. 1976-ல் பதினொரு படுக்கையோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் வைத்திருக்கிறதல்லவா? அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கருவியில் கண்ணைப் பரிசோதிப்பார், விவரம் கணினியில் போகும், டாக்டர் அங்கிருந்து பார்த்து நோயாளியோடு பேசுவார். பெரும்பாலானோர் கண்ணாடியோ சொட்டு மருந்தோ வாங்கிக்கொண்டு அங்கிருந்தே வீடு திரும்புவார்கள். சிஸ்டர் சொன்ன அந்த 'இந்தப் பக்கத்துக் கை' அங்கே இருக்கிறது. நோயாளியின் போன், டவர் எதுவும் வேண்டாம்.

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, நோயாளி நேராக வீட்டிலிருந்து டாக்டரைப் பார்ப்பது, 2020 ஏப்ரலில் வந்தது. இன்னொன்று, துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருக்கிற ஊழியர் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய இடத்து டாக்டரோடு பேசுவது. இது அதற்கும் முன்னால், 2019-லேயே வந்தது. இரண்டும் இலவசம். டவர் இல்லாத ஊருக்கு இரண்டாவதுதான் தோது.

படுக்கையிலிருந்து எழவே முடியாதவருக்கு அந்த ஊழியர் வீட்டுக்கு வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சைக்கான நர்ஸ் எல்லாம் அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. என் ஆசையைச் சொல்கிறேன்: அந்த நர்ஸ் எப்படியும் வீட்டுக்கு வருகிறார். அவர் கையில் நல்ல டேப்லெட் ஒன்று, பெரியாஸ்பத்திரி நரம்புப் பிரிவிலோ புற்றுநோய்ப் பிரிவிலோ வாரத்தில் இரண்டு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கிய ஒரு டாக்டர். புதுக் கட்டடம் வேண்டாம், புதுத் திட்டத்துக்குப் பெயர் வைக்கவும் வேண்டாம்.


வடக்குமாசி
செவ்வாய், பிற்பகல் 3.22

பெயர் வைக்காமல் திட்டமா? டாக்டர், நீங்கள் இந்த ஊர்தானா?


எழுமலைக்காரன்
செவ்வாய், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், அய்யாவுக்கு ட்யூப் அடைத்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து மாற்றிக் கொடுத்தார். இப்படி வருவார்கள் என்பதே இந்த இழையில் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்று கேட்க வேண்டும், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது. ராத்திரி மூன்று தடவை எழுந்து அய்யாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறார். நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே அழுதுகொண்டிருந்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அம்மாவை எந்த டாக்டரிடம் காட்டுவது?


வாடிப்பட்டி வாசகி
செவ்வாய், இரவு 9.02

தம்பி, 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. அத்தை போன பிறகு நான் பேசினேன். ஆனால் எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதே. இரண்டு மணி தடவையும் நான்கு மணி தடவையும் நீயும் உன் தம்பியும் முறை வைத்து எழுந்திருங்கள். அம்மா தூங்கட்டும்.


செல்லூர் சிஸ்டர்
செவ்வாய், இரவு 9.10

வாசகி சொன்னதுதான். டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று முதலில் கேட்டீர்களே, அதற்கும் சொல்கிறேன்: கவுன்டரில் கேட்காதீர்கள், அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை போகும்போது டாக்டர் கையிலேயே ஒரு தாளைக் கொடுங்கள். ஒரே பக்கம். நோயாளி பெயர், எத்தனை கிலோமீட்டர், எப்படித் தூக்கி வருகிறீர்கள், வீட்டில் என்னென்ன அளக்க முடியும், எந்தக் கிழமை எந்த நேரம் என்றாலும் சரி, வழக்கமான ஃபீஸ் கொடுக்கிறோம். நோயாளியால் பேச முடியாததால் உங்களில் யார் அவருக்காகப் பேசுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள், விதிமுறையில் கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு அந்த இடம் உண்டு. அய்யா இடது கையால் ரேகை வைக்கட்டும்.


எழுமலைக்காரன்
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, காலை 8.15

நேற்று ராத்திரி ஏழரைக்கு டாக்டரோடு முதல் வீடியோ கால் நடந்தது. தாளைக் கொடுத்ததும் டாக்டர் இரண்டு தடவை படித்தார். அந்தப் பிளாஸ்டிக் சேர் வரி வந்த இடத்தில் நிமிர்ந்து அய்யாவைப் பார்த்தார். வியாழக்கிழமை கடைசி ஆளாகக் கூப்பிடுங்கள் என்றார்.

பதினோரு நிமிஷம் பேசினார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிஸ்டர் சொன்ன தாள், மாத்திரைத் தட்டு, நாணயம் வைத்த படம் எல்லாம் காலையிலேயே அனுப்பியிருந்தேன். இடது இடுப்பில் உள்ள புண்ணைப் பற்றிப் பேசும்போது போனைத் தள்ளிப் பிடித்து அறை முழுவதையும் காட்டச் சொன்னார். "டிவி எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். அய்யாவுக்கு இடது பக்கம். நாள் முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், புண்ணும் அந்தப் பக்கம்தான். டிவியை வலது பக்கம் மாற்றுங்கள், நீங்கள் பேசும்போதும் சோறு ஊட்டும்போதும் வலது பக்கம் உட்காருங்கள், விழுந்த பக்கத்தை அவர் மறந்துவிடக் கூடாது என்றார். ஒரு வருஷமாக மாதா மாதம் போனோம். ஓ.பி. அறையில் எங்கள் வீட்டு டிவி அவருக்கு எப்படித் தெரியும்?

அய்யா கடைசியில் இடது கையைத் தூக்கி டாக்டருக்கு டாட்டா காட்டினார். அம்மாவும் 14416-ல் பேசியிருக்கிறார், என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை.

புண்ணுக்கு ஏர் பெட் போட்டால் நல்லது என்றார் டாக்டர். புதிது விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள்.


வாடிப்பட்டி வாசகி
வெள்ளி, காலை 8.40

அத்தையுடையது பரண்மேல் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, ஒரு டியூபில் மட்டும் ஒட்டுப் போட்டிருக்கும். டெட்டால் போட்டுத் துடைத்து வைக்கிறேன். தனிச்செய்தியில் விலாசம் அனுப்பியிருக்கிறேன், பார்.


எழுமலைக்காரன்
வெள்ளி, காலை 8.52

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருகிறேன் அக்கா. என்ன விலை?


வாடிப்பட்டி வாசகி
வெள்ளி, காலை 9.00

விலையா? கட்டுவதற்கு நல்ல கயிறு கொண்டு வா, மோட்டார் கொஞ்சம் கனம்.